மோதிரவிரல்

கோண்டாவிலுக்கு வந்த மூன்றாம் நாள்
மலேரியாத் தடுப்புக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார்.
விமான நிலையத்தில் நித்திரைக் கண்ணோடு
நான் நிரப்பிக்கொடுத்த தாள்
எங்கள் ஒழுங்கையைக் கண்டுபிடித்துவிட்டது.

"ஆபிரிக்காவிலையிருந்து வந்த ஆக்கள் இஞ்சைதானே?"
கேற்றடியில் அவர் கேட்ட சத்தத்துக்கு
முன்வீட்டு யன்னல் ஒன்று திறந்தது.

மச்சாள் கதிரையைத் துடைத்து வைத்தாள்.
அதே துணியால் தன் முகத்தையும் துடைத்தாள்,
பிள்ளையளுக்குக் குத்தப்போகினமாம் என்று.

இயல்வன் பிட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
உள்ளங்கையில் உருட்டி
பெருவிரலால் ஒரு குழி அழுத்தி
அதற்குள் குழம்பை அள்ள வேண்டும் அவனுக்கு.
சிப்பாட்டாவில் சோளமாக்களி அதற்கு இணங்கும்.
பிட்டு இணங்காது.
மூன்று நாளாக உதிர்கிறது,
மூன்று நாளாக உருட்டுகிறான்.
காலமை மச்சாளிடம் பக்குவமாகச் சொன்னான்:
"மாமி, இது பழுதாப்போச்சு. வேறை தாங்கோ."

சின்னவள் என் முதுகில்.
கூடத்து வளையில் அண்ணா கட்டிவைத்த ஏணையில் கிடத்தினால்
கிணற்றுக்குள் விழுகிறவள் மாதிரிக் கத்துகிறாள்.
முதல் இரவே பெட்டியைத் திறந்து
மேசைவிசிறிகள் அச்சடித்த அந்த மஞ்சள் துணியை எடுத்தேன்.
பீற்றிஸ் காட்டித்தந்தபடி குனிந்து,
பிள்ளையை முதுகில் ஏற்றி,
நெஞ்சுக்கு மேலே ஒரு முடிச்சு.
சந்திக் கடைக்கு அப்படியே போனேன்.
பாண்காரர் மிச்சக்காசு தர மறந்துபோனார்.

அவர் பெட்டியைத் திறந்தார்.
பஞ்சு, ஊசி, கண்ணாடித் துண்டுகள்.
"ஆர் முதல்?"

இயல்வன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.
இடது கை.
மற்ற விரல்களை மடக்கி
மோதிரவிரலை மட்டும் நீட்டினான்.
முகத்தைத் திருப்பவில்லை.
குத்தினதும் தானே விரலைப் பிதுக்கி
முதல் துளியைத் துடைக்கச் சொல்லிக் காத்து நின்றான்.

"உவருக்கு நல்ல பழக்கம்," என்றார்.

மச்சாள் என்னைப் பார்த்தாள்.

இரண்டு வருசமாக ஞாயிற்றுக்கிழமைகளில்
போனில் நான் சொன்னது ஒரே சொல்: சுகம்.
சொல்லாத நாலு காய்ச்சலையும்
அந்த விரல் சொல்லிப்போட்டுது.
பருத்தி ஆலையில் இவருக்கு இரவு வேலை,
மழை, கார் இழுக்கவில்லை,
பக்கத்துவீட்டு ம்வாலே அம்மா இரவுச்சட்டையோடு
தன் பிக்கப்பை எடுத்தது,
கிளினிக் வாங்கில் இருபது நிமிசம்.
ஒரு கோடு என்றால் வீட்டுக்கு.
இரண்டு கோடு என்றால் கசப்பு மாத்திரை,
வாந்தி, மறுபடி மாத்திரை.

"எத்தனை கோடு?" என்று கேட்டான் அவரிடம்.
"கோடு இல்லைத் தம்பி. கொண்டுபோய்ப் பாத்துச் சொல்லுவம்."
"சிகோமோ," என்றான்.
அவர் என்னைப் பார்த்தார்.
"நன்றி சொல்லுறார்," என்றேன்.

மோட்டார் சைக்கிள் போனது.
யன்னல் சாத்திக்கொண்டது.
இவன் படியில் போய் இருந்தான்
பஞ்சை அமத்திப் பிடித்தபடி, காலை ஆட்டாமல்.
இருபது நிமிசம் இருக்க வேண்டும்.
இன்னும் யாரும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லையே.

மச்சாள் அந்தப் பிட்டுக் கோப்பையோடு வந்து
பக்கத்தில் குந்தினாள்.
இரண்டு இதரை வாழைப்பழம் உரித்துப்போட்டுப் பிசைந்தாள்.
பிசைகிற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:
"போன மாரிக்கு எங்கடையவளுக்கு டெங்கு.
பெரியாஸ்பத்திரியிலை ஒன்பது நாள்.
அங்கையிருந்து நீ என்ன செய்யிறது எண்டு
சொல்லேல்லை."

முதுகில் சின்னவள் ஒருக்கால் புரண்டாள்.
நான் முடிச்சை இறுக்கினேன்.

"அண்ணாக்குச் சொல்லாதேங்கோ, காய்ச்சல் கதையை."
"ம்."

உருண்டையை அவன் கையில் வைத்தாள்.
பெருவிரலால் அழுத்தினான்.
குழி நின்றது.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பிறகு கோப்பையை நீட்டினான்,
வாழைப்பழத்துக்கு மேலேயே:

"குழம்பு விடுங்கோ, மாமி."